பெடலை மிதித்தால் சத்தம் நின்றுவிடுகிறது, லைட்டும் எரியவில்லை. எங்கிருந்து பார்ப்பது?

மூணு_கார்டு | சனி இரவு 9:40

வணக்கம். கிட்டார் எடுத்து ஏழு மாதம்தான் ஆகிறது, வருவது மூணு கார்டு (chord) தான், பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். மும்பை சயானில் வீடு. போன மாதம் ஒருவரிடம் கிட்டார் சத்தத்தை உறுமலாக்கும் பழைய டிஸ்டார்ஷன் பெடல் ஒன்று வாங்கினேன். கம்பெனிப் பெடல் இல்லை, யாரோ வீட்டில் கட்டியது. பச்சை பெயிண்ட் அடித்த அலுமினியப் பெட்டி, இரண்டு குமிழ், ஒரு மிதி ஸ்விட்ச், ஒரு சிவப்பு எல்.இ.டி. உள்ளே எம்.எக்ஸ்.ஆர். கம்பெனியின் டிஸ்டார்ஷன் பிளஸ் பெடல் சர்க்யூட் என்று விற்றவர் சொன்னார். மூன்று வாரம் அருமையாக உறுமியது.

வியாழக்கிழமையிலிருந்து சரியில்லை. ஸ்விட்சை மிதிக்காதபோது கிட்டார் சத்தம் அப்படியே ஆம்புக்கு (ஆம்ப்ளிஃபயருக்கு) போகிறது. மிதித்தால் ஒன்றுமே இல்லை. லைட்டும் எரியவில்லை. பேட்டரி மாற்றிப் பார்த்தேன், கேபிள் மாற்றிப் பார்த்தேன். வீட்டில் அப்பாவின் மல்டிமீட்டர் இருக்கிறது, எல்லாக் கடையிலும் தொங்குமே, அந்த மஞ்சள் மீட்டர். வோல்ட் பார்க்கத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. ஈயம் வைத்ததே இல்லை.

சும்மா_பார்க்கிறவன் | சனி இரவு 9:52

யாரோ கட்டிய பெட்டிக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? ஒரு மல்டி எஃபெக்ட்ஸ் வாங்கிவிடுங்கள், நூறு சத்தம் வரும்.

மாடுங்கா_மெட்டல் | சனி இரவு 10:05

அவர் கேட்டது ரிப்பேர், ஷாப்பிங் இல்லை.

மச்சி, சின்னக் கேள்வி, கோபித்துக்கொள்ளாதே. கிட்டார் கேபிளை எந்தப் பக்கம் செருகுகிறாய்? பெரும்பாலான பெடலில் வலது பக்கம்தான் இன்புட். நான் முதல் வாரம் முழுக்க இடது பக்கத்தில் செருகிவிட்டு, பெடல் செத்துவிட்டது என்று அழாத குறை.

மூணு_கார்டு | சனி இரவு 10:11

வலது பக்கம்தான். மூன்று வாரம் வாசித்திருக்கிறேனே.

உப்புக்காற்று | சனி இரவு 10:30

மழை ஆரம்பித்த பிறகு போனதா? நான் வெர்சோவாவில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன். ஜூன் பிறந்தால் என் பெடல்களின் ஜாக் எல்லாம் பச்சை பிடிக்கும், குமிழைத் திருப்பினால் கரகர என்னும். பிளக்கை இருபது தடவை செருகி எடு. கான்டாக்ட் கிளீனர் இருந்தால் ஒரு துளி விடு. ஆனால் வண்டிச் செயினுக்கு அடிக்கும் எண்ணெயை அடிக்காதே. அது அங்கேயே தங்கித் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பழைய_ரேடியோ | சனி இரவு 11:02

தம்பி, உன் முதல் பதிவிலேயே பாதி விடை இருக்கிறது. மிதிக்காதபோது சத்தம் வருகிறது என்கிறாய். அப்படியானால் கிட்டார், இரண்டு கேபிள், ஆம்ப், பெடலின் இரண்டு ஜாக் எல்லாம் நல்லபடியாக இருக்கின்றன. உப்புக்காற்று அம்மா சொல்வது நியாயமான சந்தேகம்தான், ஆனால் இந்தக் கேஸுக்குப் பொருந்தாது.

இன்னொன்று. கரண்டே இல்லாமல் சத்தம் கடந்து போகிறது என்றால் உன்னுடையது ட்ரூ பைபாஸ் ஸ்விட்ச். பாஸ் கம்பெனியின் சின்னப் பெடல்கள் இப்படி இல்லை. அவற்றில் கரண்ட் போனால் மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் ஊமைதான். உன்னுடையதில் லைட்டும் எரியவில்லை, எஃபெக்டும் இல்லை. இரண்டுக்கும் பொதுவானது கரண்ட். அதிலிருந்து ஆரம்பி. சத்தத்தைப் பெருக்கும் சில்லு, அந்த ஐ.சி.யைப் பற்றி இப்போது நினைக்கவே நினைக்காதே.

மூன்று விஷயம் சொல். பேட்டரியை வெளியே எடுத்து மீட்டரில் பார்த்தால் எவ்வளவு? பெடலில் மாட்டி, இன்புட்டில் கேபிளைச் செருகிய பிறகு அதே பேட்டரி முனையில் எவ்வளவு? வியாழக்கிழமை என்ன நடந்தது?

மூணு_கார்டு | சனி இரவு 11:34

வெளியே 9.2. பெடலில் மாட்டிக் கேபிளைச் செருகினால் 0.12. கேபிளை உருவினால் மறுபடி ஒன்பதுக்குப் பக்கத்தில் ஏறுகிறது. ஒரு நிமிடம் அப்படியே விட்டுவிட்டேன், பேட்டரியைத் தொட்டால் சுடுகிறது! அப்போதுதான் கொதித்து ஆறின டம்ளர் மாதிரி.

வியாழக்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. வாசித்துக்கொண்டிருந்தேன், நின்றுவிட்டது.

பழைய_ரேடியோ | சனி இரவு 11:41

முதலில் பேட்டரியைக் கழற்று. இனி மாட்டி வைக்காதே.

ஒன்றும் நடக்காமல் நிற்காது தம்பி. அடாப்டர் ஏதாவது செருகினாயா?

மூணு_கார்டு | சனி இரவு 11:58

…ஆமாம். பேட்டரி தீர்ந்துவிட்டது. வைஃபை ரவுட்டரின் அடாப்டர் முனை சரியாகப் பொருந்தியது. அதில் 12 வோல்ட் 2 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது. பத்து விநாடிதான் இருக்கும். அடாப்டரில் உள்ள பச்சை லைட் விட்டு விட்டு மின்ன ஆரம்பித்தது. உடனே உருவிவிட்டேன். அடாப்டர் இப்போதும் நன்றாக வேலை செய்கிறது, அதனால் இதுதான் காரணம் என்று தோன்றவில்லை. வீட்டில் சொல்லவும் இல்லை.

ஈயப்புகை | ஞாயிறு காலை 8:20

ஆஹா. முனை பொருந்தினால் போதுமா? கிட்டார் பெடல்களில் பெரும்பாலும் நடு முள் மைனஸ், வெளி வளையம் பிளஸ். ரவுட்டர் அடாப்டர்களில் நேர் தலைகீழ், நடுவில் பிளஸ். அடாப்டர் லேபிளில் ஒரு புள்ளியும் அதைச் சுற்றி அரைவட்டமும் வரைந்திருக்கும். புள்ளியிலிருந்து போகும் கோடு எந்தக் குறியில் முடிகிறது என்று பார். 12 வோல்ட் என்பதைவிடத் தலைகீழ் என்பதுதான் இங்கே வம்பு.

ஐ.சி. போயிருக்கும். 741 ஒன்று வாங்கிக்கொள், பத்திருபது ரூபாய்க்குள் வரும். சாக்கெட்டில் இருந்தால் ஈயமே தேவையில்லை, பிடுங்கி மாட்டலாம்.

பழைய_ரேடியோ | ஞாயிறு காலை 9:15

ஈயப்புகை, அவசரப்படாதீர்கள். பேட்டரி சுடுகிறது, வோல்ட் 0.12-க்கு விழுகிறது. பிளஸ்ஸுக்கும் கிரவுண்டுக்கும் (மைனஸ் பக்கம்) நடுவில் கிட்டத்தட்ட நேர் ஷார்ட் இருக்கிறது. அப்படி ஷார்ட் ஆவதற்கென்றே அங்கே ஒருவன் நிற்கிறான்.

தம்பி, பெட்டியின் பின் மூடியில் நான்கு திருகு. கழற்று. அடாப்டர் செருகும் ஓட்டையிலிருந்து போர்டுக்கு வரும் ஒயரைப் பிடித்துக்கொண்டே போ. பக்கத்தில் கறுப்பு நிறத்தில், அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஒரு ஓரத்தில் வெள்ளிக் கோடு போட்ட உருளை ஒன்று இருக்கும். பெரும்பாலும் 1என்4001 அல்லது 4007 என்று எழுதியிருக்கும். அது காவல்கார டயோடு. பிளஸ்ஸுக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே, கோடு பிளஸ் பக்கம் இருக்கும்படி மாட்டியிருப்பார்கள். கரண்ட் சரியான திசையில் வந்தால் அது சும்மா இருக்கும். தலைகீழாக வந்தால் அத்தனையையும் தன் வழியாகவே கிரவுண்டுக்கு விட்டுவிடும், ஐ.சி. வரை ஒரு வோல்ட் அளவுக்கு மேல் போகாது. ஆனால் அது தாங்குவது 1 ஆம்பியர். உன் அடாப்டர் 2 ஆம்பியர் கொடுக்கும். சூடேறிச் செத்திருக்கும். இந்த ஜாதி டயோடு சூட்டில் செத்தால் பெரும்பாலும் ஷார்ட்டாகத்தான் சாகும். அடாப்டர் லைட் மின்னியது எதனால்? எதிரே ஷார்ட்டைப் பார்த்ததும் அது தன்னைத்தானே அணைத்து, மறுபடி முயன்று, மறுபடி அணைத்துக்கொண்டிருந்தது. அதனால்தான் அது பிழைத்தது.

பேட்டரி, கேபிள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மீட்டரை டயோடு படம் போட்ட இடத்தில் வை. அந்த உருளையின் இரண்டு காலிலும் தொடு. அப்புறம் சிவப்பு, கறுப்பை மாற்றித் தொடு. இரண்டு எண்ணும் எழுது.

மூணு_கார்டு | ஞாயிறு காலை 10:40

கண்டுபிடித்துவிட்டேன். 1என்4001. உடம்பில் சின்ன வெடிப்பு தெரிகிறது. இப்படித் தொட்டாலும் 002, அப்படித் தொட்டாலும் 002.

ஈயப்புகை | ஞாயிறு காலை 10:48

சரி, ஒப்புக்கொள்கிறேன். நல்ல டயோடாக இருந்தால் ஒரு பக்கம் 0.6 அளவில் காட்டி, மறுபக்கம் அந்த மஞ்சள் மீட்டரில் இடது ஓரத்தில் 1 மட்டும் நிற்க வேண்டும். போர்டில் இருக்கும்போது மற்ற பாகங்கள் வழியாகக் கொஞ்சம் மாறிக் காட்டலாம், ஆனால் இரண்டு பக்கமும் பூஜ்யம் என்றால் ஷார்ட்தான்.

பழைய_ரேடியோ | ஞாயிறு காலை 11:05

அதுதான். இப்போதைக்கு ஈயம் வேண்டாம். டயோடின் ஒரு காலை மட்டும் வெட்டி, உடம்பைக் கொஞ்சம் தூக்கிவிடு. பேட்டரி மாட்டிப் பார். காவல்காரன் இல்லாமலும் பெடல் ஓடும். ஆனால் புது டயோடு போடும்வரை பேட்டரி மட்டும்தான், எந்த அடாப்டரும் கிட்ட வரக் கூடாது.

கல்யாண்_லோக்கல் | ஞாயிறு மதியம் 12:10

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் பெடலில் பேட்டரி என்றால் அமைதி, அடாப்டர் என்றால் ஓர் உறுமல். இதுவும் டயோடா?

உப்புக்காற்று | ஞாயிறு மதியம் 12:25

இல்லை, அது அடாப்டரின் அழுக்கு. வேறொரு அடாப்டர் கடன் வாங்கிப் பாருங்கள், பெடலுக்கென்றே விற்பது. ஒரே அடாப்டரிலிருந்து நான்கு பெடலுக்குக் கிளை பிரித்திருந்தாலும் வரும். இதற்குத் தனிப் பதிவு போடுங்கள், இங்கே தம்பியின் அறுவை சிகிச்சை நடக்கிறது.

மூணு_கார்டு | ஞாயிறு மதியம் 1:30

வெட்டிவிட்டேன். கட்டிங் பிளையர் இல்லை, நகவெட்டியால் வெட்டினேன். முதல் வெட்டு சரியாக விழவில்லை, இன்னொரு வெட்டு வெட்டினேன்.

பேட்டரி 9.0 நிற்கிறது, சுடவில்லை. மிதித்தால் லைட் எரிகிறது!! ஆனால் சத்தம் இல்லை. சுத்தமாக இல்லை. குமிழ் இரண்டையும் முழுக்கத் திருப்பிப் பார்த்தேன்.

மாடுங்கா_மெட்டல் | ஞாயிறு மதியம் 1:44

பாதிக் கிணறு தாண்டியாச்சு. இப்போது ஐ.சி.க்குக் கரண்ட் போகிறதா பார். கறுப்பு முனையை ஜாக்கின் உடம்பில் வை, சிவப்பை 8-ஆம் காலில். 9 வர வேண்டும்.

மூணு_கார்டு | ஞாயிறு மதியம் 2:02

8-ஆம் காலில் ஒன்றுமே வரவில்லை, பூஜ்யத்தில் தடுமாறுகிறது. போச்சா?

ஈயப்புகை | ஞாயிறு மதியம் 2:10

போகவில்லை, மெட்டல் உன்னை டியூப் ஸ்க்ரீமர் என்கிற வேறொரு பெடல் பக்கம் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அதில் இருப்பது 4558, உள்ளே இரட்டை ஆப்-ஆம்ப் (பெருக்கி), அதற்குத்தான் 8-இல் பிளஸ். 741-இல் உள்ளே ஒன்றுதான். 8-ஆம் கால் எதோடும் சேராத வெறும் கால். பிளஸ் 7-இல், கிரவுண்ட் 4-இல், உள்ளே போகும் வழி 2, 3, வெளியே வருவது 6. ஐ.சி.யின் தலையில் அரைவட்ட வெட்டு இருக்கும். அது மேலே இருக்கும்படி பிடித்தால் இடது மேல் கால் 1. அங்கிருந்து கீழே இறங்கி, அப்படியே சுற்றி வலப்பக்கம் ஏறினால் 8.

மாடுங்கா_மெட்டல் | ஞாயிறு மதியம் 2:13

மன்னிச்சிரு மச்சி.

மூணு_கார்டு | ஞாயிறு மதியம் 2:35

7: 8.9
4: 0
6: 4.4
2: 4 சொச்சம், ஆடுகிறது
3: 1.8

சர்க்யூட் படம் ஒன்று எடுத்துப் பார்த்தேன். 3-இல் 4.5 வர வேண்டும் என்று நினைக்கிறேன். 1.8-தான் வருகிறது. இதுதானே கோளாறு?

ஈயப்புகை | ஞாயிறு மதியம் 2:41

இதைத்தான் சொன்னேன். இன்புட் கசிகிறது. ஐ.சி. போச்சு.

மூணு_கார்டு | ஞாயிறு மதியம் 2:44

இன்று லாமிங்டன் ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகள் திறந்திருக்குமா?

மாடுங்கா_மெட்டல் | ஞாயிறு மதியம் 2:50

ஞாயிறு பெரும்பாலும் ஷட்டர் இறங்கியிருக்கும். நாளை போ. சயானிலிருந்து தாதர், அங்கே பாலம் ஏறி வெஸ்டர்ன் லைனுக்கு மாறு, ஸ்லோ வண்டி பிடித்து கிராண்ட் ரோடு. ஃபாஸ்டில் ஏறினால் கிராண்ட் ரோட்டில் நிற்காமல் தாண்டிப் போய்விடுவாய். கிழக்குப் பக்கம் இறங்கு. பெரிய கடையில் ஒற்றை ஐ.சி. கேட்டால் முகம் சுளிப்பார்கள். சந்துக்குள் இருக்கும் சின்னக் கடையில் கேள்.

பழைய_ரேடியோ | ஞாயிறு மாலை 5:20

மதியம் தூங்கி எழுவதற்குள் ரயில் டிக்கெட்டே போட்டுவிட்டீர்களா.

தம்பி, உன் ஐ.சி. நன்றாக இருக்கிறது. 6-ஆம் காலில் 4.4 வருகிறது பார், அதுதான் சாட்சி. இந்தச் சர்க்யூட்டில் நேர் மின்சாரத்துக்கு (டி.சி.) பெருக்கம் ஒன்றுதான். 3-இல் எவ்வளவோ அதுவே ஏறக்குறைய 6-இல் வரும். உண்மையிலேயே 3-இல் 1.8 இருந்தால் 6-இலும் 1.8-தான் நிற்கும்.

அப்புறம் 1.8 எப்படி வந்தது? நீ மீட்டரை வைத்ததால் வந்தது. ஒன்பது வோல்ட்டைப் பாதியாக்க அங்கே இரண்டு 1 மெகா ஓம் ரெசிஸ்டன்ஸ் இருக்கின்றன. நடுவிலிருந்து இன்னொரு 1 மெகா வழியாக 3-ஆம் காலுக்குப் போகிறது. அவ்வளவு ஒல்லியான வழி. உன் மஞ்சள் மீட்டரின் உள் தடையும் 1 மெகாதான். சால் என்கிற மும்பை வரிசைக் குடியிருப்பில் இருந்தவர்களுக்குப் புரியும்: காலையில் மாடியில் குழாய் நூல் மாதிரி வரும், கீழ்வீட்டுக்காரர் தன் குழாயைத் திறந்தால் அந்த நூலும் மெலியும். இங்கே கீழ்வீட்டுக்காரர் உன் மீட்டர். கணக்குப் போட்டுப் பார்: 4.5 வோல்ட், வழியில் மொத்தம் ஒன்றரை மெகா, மீட்டர் 1 மெகா. 4.5-ஐ 2.5-ஆல் வகுத்தால் 1.8. நீ எழுதிய எண் அச்சாக வருகிறது. 10 மெகா மீட்டராக இருந்தால் 3.9 அளவில் காட்டியிருக்கும்.

ஈயப்புகை | ஞாயிறு மாலை 5:45

பத்து வருடமாக ஈயம் வைக்கிறேன், இப்படி யோசித்ததே இல்லை. என் மீட்டர் 10 மெகா, அதனால் மாட்டிக்கொண்டதில்லை. ஐயா, நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள்?

பழைய_ரேடியோ | ஞாயிறு மாலை 6:10

செம்பூரில் ரேடியோ ரிப்பேர். வால்வு செட்டில் ஆரம்பித்தேன். மர்ஃபி, புஷ் எல்லாம் மேஜைக்கு வரும். அந்தக் காலத்தில் சொந்தமாக வைத்திருந்த மீட்டர் இதைவிட மோசம், அது காட்டுவதில் எவ்வளவு பொய் என்று கணக்குப் போட்டுத்தான் படிக்க வேண்டும். 741 வந்தது 1968-இல், ஃபேர்சைல்டு கம்பெனி கொண்டுவந்தது. எங்கள் மேஜைக்கு அது வருவதற்கு வெகுநாள் ஆயிற்று. இப்போது என் பேரன் மெட்டல் வாசிக்கிறான், அவனுக்குப் பெடல் பார்த்துக் கொடுத்துக் கொடுத்து இங்கே வந்து சேர்ந்தேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். வோல்ட் எல்லாம் சரி, சத்தம் இல்லை. இனி மீட்டர் உதவாது, காதுதான். பழைய கிட்டார் கேபிள், வெட்டினாலும் பரவாயில்லை என்கிற மாதிரி ஒன்று இருக்கிறதா? ஒரு முனையை வெட்டு. உள்ளே நடுக்கம்பி, அதைச் சுற்றிப் பின்னல் கம்பி. நடுக்கம்பியில் 104 என்று எழுதிய சின்னக் கண்டென்சர் (கெப்பாசிட்டர்) ஒன்றை முறுக்கிக் கட்டு, அது 0.1 மைக்ரோ ஃபாரட். கண்டென்சரின் மறு கால்தான் உன் தொடுகோல். பின்னல் கம்பியைப் பெடலின் கிரவுண்டில் ஒரு கிளிப் போட்டுப் பிடி. கேபிளின் நல்ல முனை ஆம்புக்கு. கண்டென்சர் இல்லாமல் தொடாதே, நேர் மின்சாரம் ஆம்புக்குள் போகும். ஆம்ப் வால்யூமைக் குறைவாக வை, படபடவென்று சத்தம் வரும்.

பெடலின் இன்புட்டில் கிட்டார். யாராவது ஒருவர் கம்பியை மீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நீ இன்புட்டிலிருந்து ஒவ்வோர் இடமாகத் தொட்டுக்கொண்டே போ. எங்கே சத்தம் நிற்கிறதோ அங்கே நில்.

மூணு_கார்டு | திங்கள் இரவு 9:15

லாமிங்டன் ரோடு போய் 104 நான்கு, 1என்4007 ஐந்து, கட்டிங் பிளையர் ஒன்று, ஒரு சால்டரிங் அயர்ன் வாங்கினேன். ஒரு 741-ம் வாங்கினேன், மனசு கேட்கவில்லை.

மீட்ட ஆள் இல்லாததால் முதலில் போனில் பாட்டை ஓடவிட்டு, ஹெட்போன் கேபிளில் பெரிய பிளக் மாட்டி இன்புட்டில் செருகினேன். லைட் அணைந்துவிட்டது! மறுபடி ஏதோ எரித்துவிட்டேன் என்று வயிறு கலங்கிவிட்டது. கிட்டார் கேபிள் போட்டால் லைட் வருகிறது. ஏன்?

ஈயப்புகை | திங்கள் இரவு 9:24

எரியவில்லை. பெடலின் இன்புட் ஜாக் ஸ்டீரியோ ஜாக், ஆனால் ஸ்டீரியோவுக்காக இல்லை. அதன் நடு வளையத்தில் பேட்டரியின் மைனஸ் கட்டியிருக்கும். கிட்டாரின் மோனோ பிளக் உள்ளே போனால் அதன் நீளமான உடம்பு வளையத்தையும் கிரவுண்டையும் சேர்க்கும், பேட்டரி ஆன். கேபிளைச் செருகியே வைத்தால் பேட்டரி தீர்வது இதனால்தான். உன் ஹெட்போன் கேபிள் ஸ்டீரியோ பிளக், வளையம் தனியாக நிற்கும், கிரவுண்டோடு சேராது.

மூணு_கார்டு | திங்கள் இரவு 10:50

தங்கையை உட்கார வைத்தேன். ரவுட்டர் அடாப்டர் கதையை அம்மாவிடம் சொல்லாமல் இருக்க அவள் கேட்ட கூலி ஒரு பிளேட் பாவ் பாஜி. கிட்டாரைப் பிடிக்கத் தெரியாது, ஒரே கம்பியை டொய்ங் டொய்ங் என்று இழுத்துக்கொண்டிருந்தாள்.

இன்புட் ஜாக்கில் சத்தம் இருக்கிறது. ஸ்விட்சைத் தாண்டி இருக்கிறது. 3-ஆம் காலில் இருக்கிறது, மெலிதாக. 6-ஆம் காலில் தொட்டேன், ஆம்ப் அலறியது, தங்கை கிட்டாரைக் கீழே போடப் பார்த்தாள். அவ்வளவு நாளாக உள்ளே சிக்கிக் கிடந்த சத்தம்! 6-ஐத் தாண்டிய கெப்பாசிட்டரின் இரு பக்கமும் சத்தம். அப்புறம் ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். இந்தப் பக்கம் அலறல், அந்தப் பக்கம் அமைதி. ரெசிஸ்டர் போச்சா? மீட்டரில் பார்த்தால் சரியாக 10 காட்டுகிறது.

பழைய_ரேடியோ | திங்கள் இரவு 11:15

ரொம்ப நன்றாகச் செய்திருக்கிறாய். ரெசிஸ்டன்ஸ் சரி. அதைத் தாண்டிய இடம் கிரவுண்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வருகிற சத்தமெல்லாம் மண்ணுக்குப் போகிறது. அந்த இடத்தில் நான்கு பேர்தான் இருக்கிறார்கள். எதிரெதிராகத் திரும்பி நிற்கும் டயோடு இரண்டு, உறுமலே அவர்களால்தான் வருகிறது. ஒரு சின்னக் கண்டென்சர். வால்யூம் குமிழ்.

எதையும் கழற்றாதே. கரண்ட் எடுத்துவிட்டு அந்த இடத்துக்கும் கிரவுண்டுக்கும் மீட்டரில் பீப் வைத்துப் பார். பீப் வந்தால் விளக்கு வெளிச்சத்தில் அந்த நான்கு பேரையும் போனில் பெரிதாக்கிப் பார். ஞாயிறு மதியம் வரை இல்லாத எதாவது இருக்கிறதா என்று பார்.

உப்புக்காற்று | திங்கள் இரவு 11:20

ஐயா எதையோ நினைத்துக்கொண்டுதான் கேட்கிறார்.

மாடுங்கா_மெட்டல் | செவ்வாய் காலை 7:50

அந்த இரண்டு டயோடுகளைப் பற்றி ஓர் இடைச்செருகல். பழைய டிஸ்டார்ஷன் பிளஸ்ஸில் ஜெர்மேனியம் டயோடு இருக்கும், 0.3 வோல்ட் அளவிலேயே அலையை வெட்டிவிடும், சத்தம் மெத்தென்று வரும். நான் என் பெட்டியில் அவற்றுக்குப் பதிலாகச் சிவப்பு எல்.இ.டி. இரண்டு போட்டேன். சத்தம் பெரிதாகிவிட்டது, பக்கத்து வீட்டிலிருந்து புகாரும் வந்துவிட்டது. சரியான பிறகு முயன்று பார் மச்சி.

மூணு_கார்டு | செவ்வாய் இரவு 8:30

பீப் வந்தது. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினேன். முதல் இரண்டு படத்தில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவதில், வால்யூம் குமிழின் ஓரக் காலுக்கும் அதன் தகர உடம்புக்கும் நடுவில், குச்சி மாதிரி ஒன்று பளபளத்தது. ஊசியால் நெம்பினேன், தெறித்து மேஜையில் விழுந்தது.

நகவெட்டியின் இரண்டாவது வெட்டில் விழுந்த டயோடு கால். நான்கு மில்லிமீட்டர் இருக்கும். அதை எடுத்த கையோடு பேட்டரி மாட்டினேன். மிதித்தேன். உறுமியது!

புது 741 பிரிக்காமல் அப்படியே இருக்கிறது.

ஈயப்புகை | செவ்வாய் இரவு 8:41

அதை வைத்து இன்னொரு பெடல் கட்டு. அதற்குத்தான் வாங்கியதாகச் சொல்லிக்கொள்ளலாம்.

பழைய_ரேடியோ | செவ்வாய் இரவு 9:05

நகவெட்டி என்று படித்தபோதே பொறி தட்டியது தம்பி. ஆனால் நீயே கண்டுபிடித்தால்தான் தொடுகோலில் நம்பிக்கை வரும் என்று விட்டுவிட்டேன்.

இன்னும் முடியவில்லை. புது டயோடு போடு. கோடு பிளஸ் பக்கம், மறந்துவிடாதே. 4007 என்றாலும் பரவாயில்லை, அதுவும் 1 ஆம்பியர்தான். மாற்றிப் போட்டால் நல்ல பேட்டரியிலேயே சுடும். முதல் தடவை ஈயம் வைக்கிறாய், அதனால் பழைய போர்டு ஏதாவது ஒன்றில் பத்து இடத்தில் வைத்துப் பழகிவிட்டு வா. முனையால் காலையும் போர்டையும் சேர்த்து இரண்டு விநாடி சூடாக்கி, அப்புறம் ஈயத்தைக் காட்ட வேண்டும். ஈயத்தை முனையில் உருக்கிக் கொண்டுவந்து அப்பினால் ஒட்டின மாதிரி தெரியும், ஒட்டியிருக்காது. ஜன்னலைத் திற, புகையை முகர்ந்துகொண்டு உட்காராதே.

அடாப்டர் வாங்கினால் 9 வோல்ட், நடுவில் மைனஸ் என்று லேபிள் பார்த்து வாங்கு. ஏன் பெடல்காரர்கள் மட்டும் தலைகீழ் என்று கேட்பாய். அந்த ஓட்டைக்குள் பிளக் நுழைந்ததும் விலகிக்கொள்ளும் தகடு ஒன்று இருக்கிறது. அது வெளி வளையத்தின் பக்கம் இருப்பது. அதில் பேட்டரியின் பிளஸ்ஸைக் கட்டினால், அடாப்டர் செருகியதும் பேட்டரி தானாக விலகிவிடும், கிரவுண்ட் மட்டும் எப்போதும் சேர்ந்தே இருக்கும். அதனால் வெளியே பிளஸ், நடுவில் மைனஸ்.

கல்யாண்_லோக்கல் | செவ்வாய் இரவு 9:30

அடாப்டர் மாற்றினேன், உறுமல் போய்விட்டது. தனிப் பதிவு போடவில்லை, இங்கேயே நன்றி.

மூணு_கார்டு | புதன் இரவு 10:20

டயோடு போட்டாயிற்று. பழைய டிவி ரிமோட் போர்டில் பழகினேன். கோடு பிளஸ் பக்கம்தான், மூன்று தடவை பார்த்தேன். பேட்டரி 9.1, சுடவில்லை. மூடியைத் திருகிய பிறகும் சத்தம் வருகிறது.

ரவுட்டர் அடாப்டரில் சிவப்பு டேப் ஒட்டிவிட்டேன். ஏன் என்று அம்மா கேட்டார். தங்கை இரண்டாவது பிளேட் கேட்கிறாள்.

பழைய_ரேடியோ | புதன் இரவு 10:31

நல்லது. புது டயோடின் கால்கள் நீளமாக இருந்திருக்குமே, வெட்டினாயா?

மூணு_கார்டு | புதன் இரவு 10:34

வெட்டினேன் ஐயா. இரண்டு துண்டு. இரண்டும் இங்கே மேஜையில், மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கின்றன.